சூடேறாத கார் இருக்கை: பழுது எங்கே இருக்கிறது?

பனிக்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு இருபது டிகிரி கீழேயும் இறங்கிவிடுகிற கனடா, நார்வே, ஸ்வீடன் போன்ற நாடுகளில், இரவெல்லாம் வெளியில் நின்று விறைத்த காரில் காலையில் ஏறி அமர்பவருக்கு முதலில் கிடைக்கும் கதகதப்பு இருக்கைக்குள் பதித்த மின்வெப்பியிலிருந்தே வருகிறது. காரின் வழக்கமான ஹீட்டர், எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவத்தின் வெப்பத்தைக் கொண்டே காற்றைச் சூடாக்குவதால், எஞ்சின் சூடேறும் வரை பல நிமிடங்களுக்கு அது குளிர்காற்றையே வீசிக்கொண்டிருக்கும். இருக்கைக்குள் இருக்கும் கம்பியோ காரின் மின்சுற்றிலிருந்து நேராக மின்சாரத்தைப் பெற்று, உடல் படுகிற இடத்தைச் சில நிமிடங்களிலேயே சூடாக்கிவிடுகிறது. அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1966-ஆம் ஆண்டு மாடல்களில் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் வசதியாக இதை அளித்தது; ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் ஓட்டுநர் இருக்கையில் இதை இயல்பான உறுப்பாகவே ஆக்கியது. இன்று டொரொன்டோவிலும் ஆஸ்லோவிலும் வாழும் தமிழர்களின் சாதாரணக் குடும்பக் கார்களில்கூட இது இருக்கிறது.

மின்சாரக் கார்களின் வரவால் இதன் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. எஞ்சினின் வீண்வெப்பம் அவற்றில் கிடைக்காது என்பதால், உட்புறக் காற்றைச் சூடாக்கத் தேவைப்படும் சில ஆயிரம் வாட் மின்சாரத்தைக் காரை ஓட்டும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. ஓர் இருக்கைக்கோ ஐம்பது முதல் நூறு வாட் வரை போதுமானது. அதே வேளையில், ஒரு சுவிட்சும் கொஞ்சம் கம்பியுமாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு இப்போது மின்னணுக் கட்டுப்பாட்டை முழுமையாகச் சார்ந்துவிட்டது; 2021-ஆம் ஆண்டின் இறுதியில் உலகளாவிய சிப் தட்டுப்பாட்டின்போது ஜெனரல் மோட்டார்ஸ் தன் பல மாடல்களில் சூடேறும் இருக்கைகளைத் தற்காலிகமாகக் கைவிட நேர்ந்தது இதற்குச் சான்று.

இத்தகைய இருக்கை ஒருநாள் சூடேற மறுத்தால், பெரும்பாலான உரிமையாளர்களும் ஒர்க்‌ஷாப்புகளில் சிலரும் செய்வது, சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான். சுவிட்ச், ரிலே, கட்டுப்பாட்டுப் பெட்டி என்று செலவு ஏறிக்கொண்டே போய், கடைசியில் இருக்கைக்கு அடியில் பச்சை பூத்துக் கிடந்த ஒரு செப்பு முள்ளே காரணம் என்று தெரியவரும்போது, வாங்கிய பாகங்கள் எதையும் கடையில் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை. இந்த மின்சுற்று அளந்து அறியக்கூடிய அளவுக்கு எளிமையானது. மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதை அறிந்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து பார்ப்பவர், எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்பே பழுதின் இடத்தைச் சொல்லிவிட முடியும்.

வெப்பியின் அமைப்பிலிருந்தே தொடங்கலாம். இருக்கையின் துணி அல்லது தோல் உறைக்கும் அதற்கு அடியில் உள்ள நுரைமெத்தைக்கும் இடையே, மெல்லிய கம்பளி போன்ற விரிப்பின்மேல் பாம்புபோல் வளைத்து வளைத்துத் தைத்த கம்பி ஒன்று இருக்கும். அந்தக் கம்பி பல மாடல்களில் தலைமுடியைப் போன்ற நுண்ணிழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிய உலோகக் கலவையால் ஆனது. சிலவற்றில் கார்பன் இழை பயன்படுகிறது. அமரும் பகுதிக்கு ஒரு விரிப்பும் முதுகுப் பகுதிக்கு ஒரு விரிப்புமாக இரண்டு இருக்கும். மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, ஃபியூஸ், ரிலே அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி, தரைவிரிப்பின் அடியில் ஓடும் வயர், இருக்கைக்குக் கீழே உள்ள கனெக்டர் ஆகியவற்றைக் கடந்து விரிப்புகளை அடைந்து, அங்கிருந்து எர்த் வயர் வழியாகக் காரின் உலோக உடலுக்கும், உடலின் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்கும் திரும்புகிறது. இந்த வட்டம் எங்கே அறுந்தாலும் இருக்கை குளிர்ந்தே இருக்கும். எங்கே பலவீனப்பட்டாலும் அரைகுறையாகவே சூடேறும்.

கம்பியின் மின்தடை, அதாவது மின்னோட்டத்தை அது எதிர்க்கும் அளவு, ஓம் என்ற அலகில் அளக்கப்படுகிறது. பெரும்பாலான இருக்கை விரிப்புகளில் அது ஒன்றிலிருந்து ஐந்து ஓம் வரை இருக்கும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பது ஓமின் விதி. எனவே 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 4 ஓம் விரிப்பு ஒன்றின் வழியே 3 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து, 36 வாட் வெப்பம் உண்டாகும். பள்ளிப் பாடநூலில் படித்து மறந்த இந்த ஒற்றைக் கணக்கு நினைவில் இருந்தால், பின்வரும் எல்லாச் சோதனைகளும் தாமாகவே விளங்கிவிடும்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பழைய கார்களில், சூடானால் வளைந்து தொடர்பைத் துண்டிக்கும் ஈருலோகப் பட்டை கொண்ட தெர்மோஸ்டாட் விரிப்புக்குள்ளேயே இருந்தது. இப்போதைய கார்களில் அந்த இடத்தில் தெர்மிஸ்டர் என்ற மிகச் சிறிய உணரி உள்ளது. வெப்பம் கூடக்கூட இதன் மின்தடை குறையும் என்பதால், கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த மின்தடையைப் படித்து இருக்கையின் வெப்பநிலையை அறிந்துகொள்கிறது. பின்னர் அது மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பி, துடிப்பின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் வெப்பத்தைச் சீராக்குகிறது. சாதாரண மல்டிமீட்டர் இந்தத் துடிப்புகளின் சராசரியையே காட்டும். 12 வோல்ட்டை எதிர்பார்த்தவர் 5 வோல்ட்டைக் கண்டு பழுது என்று முடிவுகட்டிவிடுவது இதனால்தான். சோதிக்கும்போது வெப்ப அளவை உச்சத்தில் வைத்து, இருக்கை இன்னும் குளிர்ந்திருக்கும் தொடக்க நிமிடத்திலேயே அளந்துவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன, அவற்றுக்கான விடைகளே பாதி வேலையை முடித்துவிடும். பல கார்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே இருக்கை சூடேறும். பேட்டரி பலவீனமாக இருந்தால், அத்தியாவசியம் அல்லாத மின்சுமைகளைக் கார் தானாகவே நிறுத்திவிடும் ஏற்பாடும் உண்டு. ஆகவே பேட்டரியின் நிலையை முதலில் பார்த்துவிடுவது நல்லது: எஞ்சின் ஓடாதபோது முழு மின்னேற்றம் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். அடுத்து, முன்னிருக்கைகள் இரண்டுமே சூடேறவில்லையா, ஒன்று மட்டுமா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே சூடேறவில்லை என்றால் பழுது இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது ஃபியூஸ், ரிலே, பொது மின்வழங்கல் ஆகியவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் என்றால் அந்த இருக்கைக்கே உரிய வயரிலோ விரிப்பிலோ தேட வேண்டும். சுவிட்சின் விளக்கு எரிந்தும் சூடு வரவில்லையா, அல்லது விளக்கு சில நொடிகள் எரிந்துவிட்டுத் தானே அணைகிறதா என்ற வேறுபாடும் முக்கியமானது. தானே அணைவது, கட்டுப்பாட்டுப் பெட்டி ஏதோ ஒரு கோளாறைக் கண்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டது என்பதற்கான தெளிவான அறிகுறி.

முதுகுப் பகுதி சூடேறி அமரும் பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால், இரண்டு விரிப்புகளும் பக்க இணைப்பில், அதாவது மின்சாரம் இரண்டு தனித்தனிப் பாதைகளாகப் பிரிந்து செல்லும்படி இணைக்கப்பட்டவை என்று உணரலாம். மின்சாரம் ஒன்றைக் கடந்தே மற்றதை அடையும் தொடரிணைப்பில், ஒரு விரிப்பு அறுந்தாலே இரண்டும் செத்துவிடும். முதுகு விரிப்பின் கம்பி அறுந்திருக்க, அமரும் பகுதியைப் பிரித்துப் பார்த்து நேரத்தை வீணாக்கியவர்கள் பலர் என்பதால், அந்தக் கார் மாடலின் வயரிங் வரைபடத்தை முன்கூட்டியே பார்ப்பது பயன் தரும்.

ஃபியூஸைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது இருக்கையில் அமர்பவரைக் காக்கிறது என்று பலர் நம்புகிறார்கள்; உண்மையில் அது காப்பது வயரை. ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புதிய ஃபியூஸை ஒருமுறை பொருத்திவிட்டு, அது எந்தக் கணத்தில் எரிகிறது என்று கவனிக்க வேண்டும்: சாவியைத் திருப்பியதுமே எரிந்தால் சுவிட்சுக்கு முந்திய வயர் எங்கோ உலோகத்தில் உரசுகிறது, இருக்கையின் பொத்தானை அழுத்தியதும் எரிந்தால் விரிப்பிலோ அதற்குச் செல்லும் வயரிலோ ஷார்ட் உள்ளது, இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும்போது எரிந்தால், நகரும் தண்டவாளத்தில் வயர் சிக்கி அதன் தோல் உரிந்திருக்கிறது. எரிந்துகொண்டே இருக்கிறது என்பதற்காக 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைப் போடுபவர், அடுத்து எரியப்போவது வயராக இருக்கும்படி தாமே ஏற்பாடு செய்கிறார்.

இருக்கைக்கு அடியில் கைவைக்கும் முன் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்னிருக்கைகளின் பக்கவாட்டில் ஏர்பேக் பொருத்திய கார்களில், அதன் வயரும் வெப்பியின் வயரும் இருக்கைக்குக் கீழே அருகருகே வருகின்றன. ஏர்பேக்கின் கனெக்டர் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். மல்டிமீட்டரின் முனையை அதில் வைக்கவே கூடாது, ஏனெனில் மின்தடையை அளக்க மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம்கூட ஏர்பேக்கை வெடிக்கச் செய்யக்கூடும் என்ற அச்சம் உண்டு. இருக்கையைக் கழற்றவோ உறையைப் பிரிக்கவோ வேண்டியிருந்தால், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ஏர்பேக் அமைப்பில் தேங்கிய மின்னேற்றம் வடியும் வரை தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். இருக்கை கழன்ற நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, கோளாறு நினைவகத்தில் பதிந்துவிடும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க மனமில்லாதவர் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

விரிப்பைச் சோதிக்க, வெப்பியின் கனெக்டரைக் கழற்றி, விரிப்பின் இரு முனைகளுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். மீட்டரின் சொந்த வயர்களுக்கே சில பத்தில் ஒரு பங்கு ஓம் மின்தடை உண்டு; இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அந்த அளவைக் குறித்துக்கொண்டு கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 1.5 ஓம் விரிப்பு 2 ஓமாகத் தோன்றும். மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. சரியான அளவைக் காட்டினாலும் அத்துடன் விட்டுவிடக் கூடாது. மீட்டரை இணைத்தபடியே இருக்கையின் ஓரங்களையும் தையல் பள்ளங்களையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால், அறுந்தும் அறாமலும் இருக்கும் இடம் அழுந்தும்போது எண்கள் துள்ளும். பக்கத்து இருக்கையின் விரிப்பையும் அளந்து ஒப்பிடுவது மிகப் பயனுள்ள முறை. ஒரே காரின் இரண்டு இருக்கைகளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும் என்பதால், கையேடு இல்லாதவருக்கு அந்த நல்ல இருக்கையே கையேடாகிவிடுகிறது. இறுதியாக, விரிப்பின் முனைக்கும் இருக்கையின் உலோகச் சட்டத்துக்கும் இடையே அளக்க வேண்டும். சட்டத்தோடு எர்த் செய்யப்படாத விரிப்பில் தொடர்பு ஏதேனும் தெரிந்தால், கம்பி எங்கோ சட்டத்தைத் தொடுகிறது என்று பொருள்.

விரிப்பு நன்றாக இருந்தும் இருக்கை சூடேறவில்லை என்றால், அதற்குப் போதிய மின்சாரம் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுபவம் உள்ளவர்களும் ஏமாறுகிற இடம் இது. கனெக்டரைக் கழற்றிவைத்து, வயரின் முனையில் மீட்டரை வைத்தால் 14 வோல்ட் முழுதாகத் தெரியும். உடனே வயர் சரி, விரிப்பே பழுது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆனால் மீட்டர் ஏறத்தாழ மின்னோட்டமே எடுப்பதில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் உள்ளே துருவால் முக்கால்வாசி அடைபட்டிருந்தாலும், திருகை மூடியிருக்கும்வரை அழுத்தம் முழுமையாகவே இருக்கும், திறந்தால்தான் நீர் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும். அதுபோலவே பல இழைகள் அறுந்து ஒன்றிரண்டில் தொங்கும் வயரும், மின்சுமை ஏறாதவரை முழு வோல்ட்டையும் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறத் துளை வழியாக மெல்லிய முனையைச் செருகி, இருக்கை இயங்கிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

இவ்வாறு அளப்பதில் மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை மிகச் சிறந்தது. மின்சாரம் ஓடும் வயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால், அந்த வயரும் அதன் இணைப்புகளும் எத்தனை வோல்ட்டை விழுங்குகின்றன என்பது தெரியும். நல்ல இணைப்பில் அது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கைத் தாண்டாது. எஞ்சின் ஓடி, பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம்; விரிப்பின் மின்தடை 4 ஓம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து விரிப்பு வரை 0.4 வோல்ட் வீழ்ச்சி, விரிப்பின் குறுக்கே 9 வோல்ட், விரிப்பிலிருந்து பேட்டரியின் எதிர்முனை வரை 4.6 வோல்ட் வீழ்ச்சி என்று மீட்டர் காட்டுகிறது என்றால், குற்றவாளி எர்த் பக்கம் இருக்கிறது. 3.5 ஆம்பியர் பாய வேண்டிய இடத்தில் 2.25 ஆம்பியரே பாய்கிறது. 49 வாட் வெப்பம் தர வேண்டிய விரிப்பு 20 வாட்தான் தருகிறது. மீதி போன இடத்தையும் கவனிக்க வேண்டும்: எர்த் பக்கத்தின் மோசமான இணைப்பில் மட்டும் 10 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகி, கனெக்டரின் பிளாஸ்டிக்கை மெல்ல உருக்கிக்கொண்டிருக்கிறது.

அத்தகைய எர்த் இணைப்பைப் பனிநாட்டுக் கார் ஒன்றின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் எளிதில் காணலாம். பனியை உருக்குவதற்காகச் சாலையில் தூவும் உப்பு பூட்ஸுகளில் ஒட்டி வந்து, தரைவிரிப்பில் உருகி, அடியில் உள்ள தடித்த பஞ்சு அடுக்கில் வாரக்கணக்கில் ஈரமாகவே தங்கிவிடுகிறது. காரின் தரைத் தகட்டில் முடுக்கிய போல்ட்டின் கீழ் எர்த் வயரின் வளையமுனை இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையும் பழுப்புமாகப் பொடி படிந்திருக்கும், வளையத்தைக் கிள்ளிய இடத்தில் செம்பு பச்சையாக மாறியிருக்கும், வயரின் தோலைச் சற்றே சீவினால் உள்ளே இழைகள் கறுத்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, தகட்டின் தொடுபரப்பு உலோகம் மின்னும்வரை தேய்த்து, புதிய வளையமுனையை அழுத்திப் பொருத்தி, துருத்தடுப்புப் பசை பூசி முடுக்கினால், விலையுயர்ந்த பாகம் எதையும் வாங்காமலே இருக்கை மீண்டும் சூடேறும். இருக்கைக்கு அடியில் உள்ள கனெக்டரிலும் இதே கதைதான். இருக்கை நகரும் ஒவ்வொரு முறையும் வயர் இழுபடுவதால் அதன் முட்கள் தளர்ந்துபோவது கூடுதல் காரணம்.

கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள கார்களில் இன்னொரு பொறி இருக்கிறது. விரிப்பு அறுந்திருப்பதையோ உணரியின் அளவு நம்ப முடியாததாக இருப்பதையோ கண்டால் பெட்டி மின்சாரத்தை அனுப்பவே அனுப்பாது; எனவே கனெக்டரில் வோல்ட் வரவில்லை என்பதைக் கொண்டு பெட்டியைப் பழுது என்று சொல்லிவிட முடியாது, அது தன் கடமையைச் செய்துகொண்டிருக்கலாம். விலையுயர்ந்த பெட்டிகள் காரணமின்றி மாற்றப்படுவது பெரும்பாலும் இந்தத் தவறான முடிவால்தான். காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவி இங்கே உதவும்; ஆனால் எஞ்சின் கோளாறுகளை மட்டும் படிக்கும் மலிவான கருவி போதாது, பி என்ற எழுத்தில் தொடங்கும் பாடி பகுதிக் குறியீடுகளையும் படிக்கக்கூடியது வேண்டும். அந்தக் குறியீடும் பழுதான பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, எந்தச் சுற்றில் தேட வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது.

உணரியைச் சோதிப்பது எளிது. பல மாடல்களில் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 10,000 ஓம் காட்டும் தெர்மிஸ்டர் பயன்படுகிறது. அந்த வகை, உறைநிலையில் 30,000 ஓமுக்கு மேலும், 40 டிகிரியில் அந்த 10,000 ஓமில் ஏறத்தாழ பாதியும் காட்டும். துல்லியமான எண் மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், எண்ணைவிட அதன் போக்கே முக்கியம்: மீட்டரை இணைத்துவிட்டு, முடி உலர்த்தும் டிரையரால் இருக்கையின் மேற்பரப்பை மெல்லச் சூடாக்கினால், மின்தடை துள்ளாமல் சீராக இறங்க வேண்டும். உணரி அறுந்திருந்தால் இருக்கை நம்ப முடியாத குளிரில் இருப்பதாகவும், ஷார்ட் ஆகியிருந்தால் நம்ப முடியாத சூட்டில் இருப்பதாகவும் பெட்டிக்குத் தோன்றும். இரண்டிலும் அது இயக்கத்தை நிறுத்திவிடும். கடையில் வாங்கிய சாதாரண மின்தடை ஒன்றை உணரிக்குப் பதிலாக இணைத்துப் பெட்டியை ஏமாற்றுவது சிலர் கையாளும் குறுக்குவழி. இருக்கை எவ்வளவு சூடானாலும் பெட்டிக்குத் தெரியாது என்ற நிலையை அது உண்டாக்குகிறது. இதைச் செய்துதரும் மெக்கானிக்கிடம் காரை விடக் கூடாது.

கம்பி ஏன் அறுகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் மனிதர்களின் முழங்காலில் இருக்கிறது. பின்னிருக்கையில் உள்ள பொருளை எடுக்க முன்னிருக்கையில் மண்டியிட்டு ஏறும்போது உடலின் முழுப் பாரமும் உள்ளங்கையளவு இடத்தில் இறங்கி, அங்குள்ள கம்பியைக் கூர்மையாக மடிக்கிறது. முதலில் சில இழைகள் மட்டுமே அறுகின்றன. அந்த இடத்தில் எஞ்சிய இழைகளே முழு மின்னோட்டத்தையும் சுமப்பதால், மற்ற இடங்களைவிட அங்கே மிகுதியான வெப்பம் உண்டாகிறது. அறுந்த பகுதி மிகச் சிறியது என்பதால் கம்பியின் மொத்த மின்தடை கிட்டத்தட்ட மாறுவதே இல்லை, மல்டிமீட்டரும் சரியான எண்ணையே காட்டும். உறையில் நாணய அளவில் ஒரு பழுப்புத் தழும்போ, கருகிய வாடையோ, அமர்பவர் ஓரிடத்தில் மட்டும் உணரும் சுரீர் சூடோதான் இதன் அடையாளங்கள். வெப்பப் படக்கருவியோ அகச்சிவப்பு வெப்பமானியோ கிடைத்தால் அந்த இடத்தைத் தெளிவாகக் காட்டிவிடும்.

இன்னொரு பழுது இதைவிட ஏமாற்றக்கூடியது. மடிந்த விரிப்பில் கம்பியின் இரண்டு வளைவுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால், இடையில் உள்ள நீளத்தை மின்சாரம் தவிர்த்துவிட்டுக் குறுக்கே தாவும். 4 ஓம் கம்பியில் கால்பங்கு நீளம் இவ்வாறு விடுபட்டால் மின்தடை 3 ஓமாகக் குறைந்து, 12 வோல்ட்டில் மின்னோட்டம் 3 ஆம்பியரிலிருந்து 4 ஆம்பியராக உயரும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், எஞ்சிய கம்பியின் ஒவ்வொரு அங்குலமும் முன்பைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு வெப்பத்தை வெளியிடும். 15 ஆம்பியர் ஃபியூஸுக்கோ 4 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது கடைசிவரை எரியாது. எதிர்பார்த்ததைவிடக் குறைவான மின்தடை என்பது அறுந்த கம்பியைவிடக் கவலைக்குரியது.

மனிதத் தோல் பொறுக்கும் சூட்டுக்கு எல்லை உண்டு. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, 44 டிகிரி செல்சியஸ் போன்ற மிதமான சூடுகூடச் சுமார் ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோலைப் புண்ணாக்கும் என்றும், 60 டிகிரியில் சில நொடிகளே போதும் என்றும் காட்டியது. நல்ல உணர்ச்சி உள்ளவர் சுட்டதும் நகர்ந்துவிடுவார். முதுகுத்தண்டுக் காயத்தால் கால்களில் உணர்விழந்தவருக்கும், நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவருக்கும் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. அத்தகையோர் ஆழமான தீப்புண்களுக்கு ஆளானதைச் சுட்டிக்காட்டி, வெப்பத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 2011-இல் பாதுகாப்பு ஆர்வலர்கள் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் கோரினார்கள். வோல்க்ஸ்வாகன் நிறுவனம் 2002 முதல் 2004 வரையான மாடல் கோல்ஃப், ஜெட்டா கார்களில், வெப்பியின் ஷார்ட் இருக்கை உறையையே எரிக்கக்கூடும் என்பதால் அவற்றைத் திரும்ப அழைத்தது. 2014 ஜனவரியில் டொயோட்டா, வெப்பி உள்ள இருக்கைகளின் துணி அமெரிக்கத் தீப்பரவல் விதிக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் பல மாடல்களின் விற்பனையைச் சில காலம் நிறுத்திவைத்தது.

பழுது கண்டறியப்பட்டபின் செய்யும் ரிப்பேரும் இந்த அபாயத்தை மனத்தில் கொண்டே அமைய வேண்டும். விரிப்புக்கு வெளியே, கனெக்டரிலோ இருக்கைக்கு அடியில் ஓடும் வயரிலோ உள்ள அறுபட்ட இடத்தைத் தரமான இணைப்பானால் அழுத்திச் சேர்த்து, உறையிட்டுவிடலாம். விரிப்புக்குள்ளேயே அறுந்த நுண்கம்பியைச் சேர்ப்பது வேறு. சால்டர் வைத்த இடம் விறைத்துப்போய், அதன் விளிம்பில் கம்பி மறுபடியும் மடிந்து அறுவதோடு, புதிய சூட்டுப்புள்ளியாகவும் மாறக்கூடும் என்பதால், முழு விரிப்பையும் மாற்றுவதே ஏற்கத்தக்க வழி. சில கார்களில் முன்பயணியின் இருக்கையில், அமர்ந்திருப்பவரின் எடையை உணர்ந்து ஏர்பேக்குக்குத் தகவல் தரும் உணரியும் மெத்தையோடு சேர்ந்தே வரும். அங்கே விரிப்பை மாற்றியபின் அந்த உணரியைக் கருவி கொண்டு மீண்டும் அளவு திருத்த வேண்டியிருக்கும், இது பயிற்சி பெற்ற ஒர்க்‌ஷாப்பின் வேலை.

சூடேறும் இருக்கையில் கோளாறு தோன்றினால், எதையும் பிரிப்பதற்கு முன் காரின் அடையாள எண்ணைக் கொண்டு அந்த மாடல் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதற்கான தேடல் வசதியை அரசே இலவசமாக வழங்குகிறது, திரும்ப அழைப்பின் கீழ் வரும் பழுதைப் பொதுவாகத் தயாரிப்பாளரே தம் செலவில் சரிசெய்துதருவார். ஓரிடத்தில் மட்டும் சுடுகிற, கருகல் வாடை வீசுகிற இருக்கையின் பொத்தானை, பழுது நீங்கும் வரை ஒருமுறைகூட அழுத்தாதீர்கள். வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் இருந்தால், நல்ல நிலையில் உள்ள இருக்கையையும் உச்ச அளவில் வைத்து நெடுந்தூரம் போக விடாதீர்கள்.